ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம்

படிவத்தின் ஏழாம் வரியில் அந்தச் சொல் கிடந்தது.
சொலெம்னைஸ்.
வாயில் போட்டால் தொதல் மாதிரி
பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கார்பரோ நகர மண்டபம், திருமண அறை,
பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பது வரை.
மொழிபெயர்ப்பாளர் நான்.
கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று
சத்தியம் செய்து கொடுத்தவள்.
மீட்டரில் பன்னிரண்டு வரைக்கும்தான் காசு.

மாப்பிள்ளை பாக்கியநாதன். ஐம்பத்தெட்டு.
முதுகையும் ஒரு முழங்காலையும்
நானூற்றொன்றாம் நெடுஞ்சாலைக்கு எழுதிக் கொடுத்த லொறிக்காரர்.
பெண் நேசமலர். வயதைப் படிவத்துக்கு மட்டும் சொன்னா.
முதல் சாட்சி, பாண் பேக்கரியில் பக்கத்தில் நிற்கும் மரியேட்டா,
தலைவலையைக் கழற்ற மறந்துபோய்.
இரண்டாம் சாட்சி மகள். வரவில்லை.
பக்கத்துக் கவுண்டரில் நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வந்த ஒருவர்
தனக்கு நேரம் இருக்கிறதென்று
தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

முதல்நாளே தொலைபேசியில் கேட்டிருந்தேன்,
எந்தச் சொல்லைப் போடட்டும் என்று.

சடங்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை,
பதின்மூண்டு வயசில தலையில வாத்த தண்ணி
இன்னும் குளிருது.

விழா?
அதுக்கு மேடை வேணும். தலைமையுரை வேணும்.
பொன்னாடை தோளில ஏறுறதைப் படம் பிடிக்க
ஆள் வேணும்.

கொண்டாட்டம் என்றேன்.
அதில பாதி ஆட்டம், என்ர முழங்காலுக்கு ஏலாது,
பின்னாலிருந்து அவருடைய குரல்.

வைபவம் என்றேன்.
இரண்டு பேரும் பேசவில்லை.
குளிர்பெட்டி இரைவது எனக்குக் கேட்டது.
பிறகு அவ சொன்னா:
அது முதல்தரம் அடிச்ச கார்ட்டில இருந்தது.
பொன்னெழுத்து. ஐந்நூறு கார்ட்.
முந்நூறு மிச்சம்.

அன்றிரவு அகராதியைப் பிரித்தேன்.
வைபவம்: மகிமை, பெருமை, செல்வம்.
அதுதான் போலும்
அந்தச் சொல் வரும்போதே மண்டப வாடகை கேட்கிறது.

இன்று டோரீன் வாசிக்கிறார்,
சட்டத்தின் வாசகத்தை
கண்ணாடி விளிம்பால் பார்த்து, எனக்காக நிறுத்தி நிறுத்தி.
ஒவ்வொரு வாக்கியமாக
அந்தச் சொல் கிட்ட வருகிறது.
என் கையில் ஒன்றும் இல்லை.
வந்துவிட்டது.

முறைப்படி நடத்தி வைக்கிறேன்,
என்றேன்.

ஒன்றுக்கு மூன்று சொல்.
டோரீன் புருவத்தை உயர்த்தினார்,
கள்ளக் கணக்கோ என்பதுபோல.
எப்படிச் சொல்வேன் அவருக்கு?
நடத்துவதென்றால், நடக்க வைப்பது.
கடைசியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ‘வை’,
இரவு வேலையால் வருகிறவருக்கு
வாசல் லைட்டைப் போட்டு வைக்கிற வை.
சோற்றை மூடி வைக்கிற வை.
வருகிற ஆளை நம்பி
முன்கூட்டியே ஒன்றைச் செய்கிற வை.

நேசமலர் மட்டும் தலையாட்டினா,
விலை சரி என்கிற மாதிரி.

கையெழுத்து. கைகுலுக்கல்.
நாயின் பெயரென்ன என்று கேட்கச் சொன்னா, கேட்டேன்.
பிஸ்கட்.
முதல்முறையாகச் சிரித்தார் மாப்பிள்ளை.

வெளியே மாசி மாதம்.
மூன்றாம் படியில் உப்புத் தூவ மறந்திருந்தார்கள்.
முழங்கால் வழுக்கியது.
அவ அவருடைய ஜக்கெற் கொலரை
மாவு மூட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்தா.
ஒரு காலில் நின்றார். ஆடினார்.
விழவில்லை.

செல்லாக் காசு, வாடா மலர்,
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று
பத்தாம் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கினது.
அந்த வரிசையில் இன்னொன்று இருந்ததை
இந்த ஐஸ் படியில்தான் கண்டேன்.
விழா.
மேடையில்லை. தலைமையுரையில்லை.
விழா மனிதர் ஒருவர்,
கொலரில் ஒரு கை.

சொல்லவில்லை அவர்களிடம்.
கூட்டக் கூடாதே.

மீட்டரில் நாலு நிமிடம் இருந்தது.
காருக்குள் ஏறி
குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.