மூன்று நாள், இரண்டு இரவு

கண்டியிலிருந்து நாலு பல் வைத்தியர்கள் வருகிறார்கள்.
வெள்ளி மத்தியானம். ஒரு வான். நாலு நீட்டுப் பைகள்.
பைகளுக்குத் தனி இருக்கை வேணுமாம்,
மனிசர் நெருக்கி இருந்தால் பரவாயில்லையாம்.

திட்டம் போடுவது என் வேலை.
உப்புவெளியில் ஆறு அறை, ஒரு மேசை, ஒரு மடிகணினி,
மின்சாரம் போனால் ஒரு கொப்பி.

"வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன ஊர்தானே"
என்கிறார் டொக்டர் குலவீரசிங்கம்.
"பழைய கட்டடமும் கொஞ்சம் காட்டுங்கோ.
ஆனா கோல்ஃப்தான் முக்கியம்."

எழுதுகிறேன்:
சனி பின்னேரம், பிரடெரிக் கோட்டை.
போர்த்துக்கேயன் கட்டி, ஒல்லாந்தன் திருத்தி,
இங்கிலிஷ்காரன் பேர் வைத்தது.
உள்ளே மான்கள்.
மான்களுக்கு எந்த ராசாவையும் தெரியாது,
பிஸ்கட்டைத் தெரியும்.
'தீனி கொடுக்க வேண்டாம்' என்று எழுதி
வெட்டிவிட்டேன். கொடுப்பார்கள்.

சீனக்குடா மைதானத்துக்கு
விமானப்படை வாசலால் போகவேண்டும்.
முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வான் இலக்கம்,
மூன்று நாள் முந்தியே.
சாரதி கிருபைராசா தன் இலக்கத்தை
அட்டை பார்க்காமல் ஒரே மூச்சில் சொல்கிறான்.
நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.
எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் அது பாடம்.

இரவு டொக்டர் திரும்ப எடுக்கிறார்:
"அங்க பங்கர் எத்தனை, பிள்ளை?"

சம்பூரில் எங்கள் வளவில் ஒன்று.
மாமா வீட்டில் இரண்டு, ஒன்று பாதியில் விட்டது.
பள்ளிக்கூடத்தில் 'ட' வடிவில், தென்னங்குற்றி அடுக்கி,
மழைக்குத் தவளைகளோடு

"ஹலோ? மணல்தானே? ஆழமோ?"
"ஓம் டொக்டர், மணல்."
"விழுந்தா வெளிய வாறது பெரும்பாடு."
"ஓம்."
"அதுக்கெண்டு ஒரு மட்டை இருக்கு."

அதுக்கென்று ஒரு மட்டை இருப்பது
எனக்குத் தெரியாது.

கொப்பியில்: பங்கர் (விசாரிக்க).

காலையில் மைதான அலுவலகத்துக்கு எடுத்தேன்.
கோப்ரல் விஜேகோன், உடைந்த தமிழ்.
இத்தனை வருசத்தில் யாரும் கேட்கவில்லையாம்,
எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றான்.
வெயிலுக்குள் நடந்தே போயிருக்கிறான்.
ஒரு மணித்தியாலம் கழித்து, மூச்சு வாங்க,
ஒவ்வொன்றாய் எனக்கு ஒப்புவித்தான்:
இது சின்னது, இதில் புல் மண்டிவிட்டது,
இதில் தண்ணீர் நிற்கிறது.
பிறகு குரலைத் தாழ்த்தி
(ஏன் தாழ்த்தினான்?)
"ஏழாவதுக்குப் பக்கத்தில ஒண்டு, மிஸ்.
ஆட்காட்டி முட்டை போட்டிருக்கு. நாலு.
கிட்டப் போனா தலையில கொத்த வருது."

திட்டத்தில் சேர்த்தேன்.
ஞாயிறு, காலை ஐந்தரை: பிளேன்ரீ, பணிஸ்.
ஆறு மணி: சீனக்குடா.
ஏழாவது குழி, இடப்பக்கப் பங்கரில் ஆள் இருக்கு.
பந்து உள்ளே விழுந்தால் எடுக்க வேண்டாம்,
புதுப் பந்து வைத்துக்கொள்ளவும்.
பத்தரை: வீடு திரும்பல். மத்தியானம் நண்டுக்கறி.

முற்பணம் இன்னும் வரவில்லை.