ஒரு கோப்புக்குப் பதினொரு நிமிடம்

நெப்ராஸ்காவின் மேற்குப் பாதி என் பங்கு.
ஜனவரியில் ஒஹையோவில் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
காலில் கம்பளி, மேசையில் ஆறிய சூப்,
பூனை விசைப்பலகைமேல் ஏறி உட்கார்ந்தால்
யாரோ ஒருவரின் இயற்பியல் மதிப்பெண்
திரையை விட்டு நழுவுகிறது.

முதலில் பள்ளியைப் படி, பிறகு பிள்ளையை.
கால்குலஸ் சொல்லித்தராத ஊரில்
கால்குலஸ் படிக்கவில்லை என்று குறை எழுதாதே.
சேர்ந்த புதிதில் கார்வின் ஹாஸ்க் சொன்னது.
தான் சொன்னதைப் பாதி நாள்
அவரே மறந்துவிடுவார்.

பிறகு கட்டுரைகள்.
கால் முறிந்து கற்ற பாடம், நாற்பத்தொன்று.
கோஸ்டா ரிகாவில் பள்ளிக்குச் சாயம் பூசியவர்கள் பதினேழு பேர்
(ஒரே பள்ளிதானோ, பாவம், எத்தனை பூச்சு!)
ஒரு பையன் கடைசி வரியில்
வேறொரு கல்லூரியின் பெயரை உருகி உருகி எழுதியிருந்தான்.
வீடு மாறி வந்த காதல் கடிதம்போல்
மெல்ல மூடிவைத்தேன்.
எண்ணில் கை வைக்கவில்லை.

டானி ப்ரெக்கியின் கோப்பில்
பள்ளி ஆலோசகரின் கடிதம் நான்கே வரி:
'என் பொறுப்பில் நானூற்று அறுபது பிள்ளைகள்.
இவளை எனக்குச் சரியாகத் தெரியாது, மன்னிக்கவும்.
ஆனால் என் ஸ்டேப்ளரை வாங்கிப் போகிறவர்களில்
திருப்பித் தருபவள் இவள் ஒருத்திதான்.'

கட்டத்துக்குள் எண் போடவேண்டும்.
படிப்புக்கு ஒன்பது வரை.
குணத்துக்கு ஐந்து வரை.
ஸ்டேப்ளருக்கு?
அன்றைக்குப் பதினொரு நிமிடம் இருபத்தாறு ஆயிற்று.

மார்ச்சில் குழு கூடியது.
நீள மேசை, பெட்டி நிறைய டோனட்,
இப்போது ஆளுக்கு நான்கு நிமிடம்.
இசைத் துறைக்கு பஸூன் வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.
பயிற்சியாளரின் பட்டியல் ஏற்கெனவே
நாலாக மடிந்து ஹாஸ்க்கின் சட்டைப்பையில்.
நூலகத்துக்குப் பெயர் கொடுத்தவரின் பேரன் முறை வந்தபோது
எல்லோரும் அவரவர் காபியைப் பார்த்தோம்.

நான் ஸ்டேப்ளரைச் சொன்னேன்.
சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை.
இமெல்டா ரோஸாக் கை தூக்கினாள்,
நானும்.
ஏழு பேரில் இரண்டு கை.
'காத்திருப்போர் பட்டியல்' என்றார் ஹாஸ்க்,
கதவைச் சாத்தாமல் ஒருக்களித்துப் போகிறவரின் குரலில்.
அடுத்த பெயர் திரைக்கு வந்துவிட்டது.

மே மாதம் பத்தொன்பது கட்டில் காலி.
பலகையில் 19 என்று எழுதிவிட்டு
அவள் எண்ணை நானே அழைத்தேன்.
பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
அதை நிறுத்திவிட்டுப் பேசினாள்.
கியர்னியில் சேர்ந்தாயிற்றாம், முன்பணமும் கட்டியாயிற்றாம்.
இருக்கட்டும், வாழ்த்துகள் என்றேன்.
வைக்கப் போனவள் மறுபடி கேட்டாள்:
'அந்த இடத்தைத் திருப்பித் தருவதற்கு
ஏதாவது படிவம் நிரப்பவேண்டுமா?'

வேண்டாம் என்றேன்.
பலகையில் எண்ணைத் திருத்தவும்
வேண்டியிருக்கவில்லை.