எத்தனை மணிக்கு

தார்த்து நகரம், பிப்ரவரி,
மைனஸ் பதினெட்டு.
தெருவில் வழுக்கி விழுந்த இரண்டு தோள்கள்
இன்று என் வார்டில்.

நான்காம் படுக்கை உர்மஸ்.
கழுத்தோரம் ஊசி:
இரண்டு தசைகளின் இடுக்கில்
நரம்புகள் பிரிந்து போகுமுன்பே
மொத்தமாய் மடக்கிவிட்டார் டாக்டர் பிரெத்.
தோள் முதல் விரல் நுனி வரை
எதுவும் அவருடையதல்ல.
"யாரோ கையை இங்கே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், சிஸ்டர்."
குரல் கரகரக்கிறது,
ஒரு பக்க இமை பாதி இறங்கிய ஷட்டர்.
மருந்து சற்றே கசிந்து
மூச்சுக்குப் போகும் நரம்பையும் தொட்டிருக்கிறது.
உதரவிதானத்தில் ஒரு பாதி உறங்க
மறுபாதி அதன் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கிறது.
விறகு பிளக்கிற மார்பு, அவருக்குத் தெரியவில்லை.

ஆறாம் படுக்கை லெய்டா.
ஐம்பது வருஷம் புகைத்த நுரையீரல்;
"இவரிடம் பாதி மூச்சைக் கடன் கேட்க முடியாது"
என்றார் டாக்டர்.
ஆகவே இரண்டு சின்ன ஊசிகள்:
தோள்பட்டை எலும்பின் மேல் ஒன்று,
அக்குளுக்குப் பின்னால் ஒன்று.
விரல்கள் விழித்திருக்கின்றன,
பென்சில் பிடித்துக் குறுக்கெழுத்து போடுகின்றன.
தோளின் முன்பக்கம் மட்டும்
அணையாத ஒரு கங்கு.

இரவு பத்து மணி, வலி பத்துக்கு எத்தனை?
உர்மஸ் பூஜ்யம்.
லெய்டா நான்கு,
அதையும் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல்.

பன்னிரண்டுக்கு மாத்திரை நீட்டினேன்.
"வலிக்காத கைக்கு எதற்கு?"
இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.
ஏழாம் படுக்கையில் மணி அடித்தது, போய்விட்டேன்.

மூன்று இருபதுக்குக் கட்டைவிரலில் எறும்பு.
மூன்றரைக்குக் கை திரும்பி வந்தது,
தள்ளிப்போட்ட அத்தனையையும்
வட்டியோடு தூக்கிக்கொண்டு.
ஒன்பது என்றார். பிறகு எண்ணே சொல்லவில்லை.
மார்ஃபினை ஏற்றிவிட்டு
நான் கடிகாரத்தைப் பார்த்து நின்ற நிமிடங்களில்
திரைக்கு அந்தப்பக்கமிருந்து லெய்டா:
"மூன்றெழுத்து. நதியை மூடுவது."
பதில் இல்லை.
"இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எழுத்து."
"பனிக்கட்டி," பல்லைக் கடித்தபடி உர்மஸ்.
எங்கள் மொழியில் அதற்கு மூன்றே எழுத்து.
விழுந்த இருவரும் சிரித்தார்கள்,
அவருக்குச் சிரித்தாலும் வலித்தது.

காலையில் பிரெத் வந்தார்,
தலைமுடியில் பனித்தூள்.
"எது தேவலை?"
குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
"எத்தனை மணிக்குக் கேட்கிறீர்கள்?"

உர்மஸ் தூங்கிக்கொண்டிருந்தார்.
போர்வை
இப்போது இரண்டு பக்கமும் ஏறி இறங்கியது.
லெய்டா காப்பி கேட்டாள், சர்க்கரை கூடுதலாய்.