சுவாதீனம்

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஜெர்மன்.
விருப்பப் பாடம் என்று பெயர்.
விரும்பியவர்கள் ஆறு பேர்.
மற்றவர்கள் எல்லாம் ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு
பாளையங்கோட்டை வெயிலில்,
இறக்கை வளைந்த மின்விசிறியின் கீழ்,
புனேயிலிருந்து திரையில் வரும் ஒருத்தி
பெசிட்ஸ் என்கிறாள்.
மேலப்பாளையம் ரிஸ்வானாவுக்கு உடனே வருகிறது.
எனக்கு அந்த ட்ஸ் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறது
பனங்கிழங்கு நார் மாதிரி.

முதல் வருஷம் லத்தீன் இருந்தது.
யாரும் பேசாத பாஷை, அதனால் பயமில்லை.
செத்தவர் சொத்தைப் போல ஆளுக்கு நாலு வாக்கியம்
பங்கு வைத்துக்கொண்டோம், பரீட்சையோடு தீர்ந்தது.
இது அப்படி இல்லை. இந்தப் பாஷையில்
இன்றைக்கும் யாரோ யாரையோ
வீட்டை விட்டு இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐகன்டூம் என்றால் உடைமை. பத்திரம், பட்டா.
பெசிட்ஸ் வேறு. அதற்குள்
உட்காருதல் என்கிற வினை இருக்கிறது.
யார் பொருளானாலும் சரி, யார் கையில் இருக்கிறதோ
அவர் பெசிட்ஸர்.
"திருடனுமா?" என்றான் கனிராஜ்.
திருடனும்தான்.
நோட்டில் தமிழில் எழுதினேன்: சுவாதீனம்.
எழுதியதும் அம்மாவின் இடது கை ஞாபகம் வந்தது.
ஆயிரம் பீடிக்கு மேல் சுற்றிய ராத்திரிகளில்
"விரலு என் சுவாதீனத்துல இல்லட்டி" என்பாள்.

அன்றைக்கு ஐந்தரை பஸ்ஸில் போய் இறங்கினால்
கதவில் காகிதம்.
தலையாரி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
பசை ஈரம் காயவில்லை, எறும்பு ஏறிவிட்டது.
செங்கட்டான்குளம், நீர்நிலைப் புறம்போக்கு, இரண்டே கால் சென்ட்,
ஆக்கிரமிப்பாளர்: மாடத்தி,
கணவர் பெயர்: லேட் சொரிமுத்து.

"ஏட்டி வடிவு, வாசி."
வாசித்தேன்.
"ஆக்கிரமிப்புன்னா?"
ராஜாக்கள் செய்வது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
யானை, குதிரை, முற்றுகை.
எங்களிடம் இருந்தது ஓர் ஆடு, இரண்டு தட்டி,
அப்பா செத்த வருஷம் போட்ட ஆஸ்பெஸ்டாஸ்.

"ஜப்தியா?"
"இல்லம்மா."
"வாய்தா உண்டா?"
"இருவத்தொரு நாளு."
ஜப்தியும் வாய்தாவும்
எத்தனை கடல், எத்தனை கச்சேரி தாண்டி
அவள் வாய்க்கு வந்தன என்று அவளுக்குத் தெரியாது.
அவளுடைய அந்நியச் சட்டமொழிக்கு
யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

குளத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.
அந்த மார்கழி மழையில் குளம் கரை மீறி வந்து
எங்கள் வீட்டுக்குள் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது,
அடுப்பில், கட்டிலில், என் முதல் செமஸ்டர் நோட்டுகளில்.
அப்போது யார் யாருடைய சுவாதீனத்தில் இருந்தோம்?
தண்ணீர் வடிந்த பிறகு
சுவரில் அது போட்டுப் போன எல்லைக்கோடு
சர்வேயர் கோட்டைவிட நேராக இருந்தது.

ராத்திரி ஆட்சேபணை மனு எழுத உட்கார்ந்தேன்.
மாற்று இடம் கேட்கலாம், அவகாசம் கேட்கலாம்.
அவள் யார் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
ஆக்கிரமிப்பாளர் என்று நானே எழுத முடியுமா?
அனுபோகதாரர். அடித்தேன்.
சுவாதீனதாரர். அப்படி ஒரு சொல் உண்டா என்றே சந்தேகம்.
முறத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தவள்
நிமிராமல் சொன்னாள்:
"குடியிருக்கேன்னு போடு. அதத்தான செய்யுதேன்,
இதுக்கெதுக்கு இம்புட்டு யோசன?"
குடி, இரு.
எழுதிவிட்டு அந்த இருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தேர்வு.
உட்கார் என்ற வினையை வைத்து வாக்கியம் அமைக்கவும்.
என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள்,
ஜெர்மனில், வினை சரியான இடத்தில், பிழை இல்லாமல்.
விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மை:
எங்கே என்று குறிப்பிடவில்லை.
அரை மதிப்பெண்.