ஏழாவது பெட்டி

கீழவாசல் பக்கம் பழைய இரும்புக் கடை.
உசிலம்பட்டி நகைக்கடன் ஆபீஸை மூடியதில்
பதினான்கு பெட்டிகள், ஒரு டெம்போ.
"கிலோ நாப்பது. தட்டிப் பாக்குறதுன்னா
சட்டுனு பாரு தாயி,
பத்து மணிக்குக் கரண்டு போயிரும்"
என்றார் ஒச்சப்பன்.

ஆறு முடிந்தது. ஏழாவது.
முகப்பில் ஒட்டுத்தாள் உரிந்து பசை மட்டும்,
அதன்மேல் காய்ந்த சந்தனம்,
ஏதோ ஒரு ஆயுத பூஜை.
கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு துடித்தது.

யுநேம், ஒரு இடைவெளி, சின்னக் கோடு, எம்.
ஐ-அறுநூற்று எண்பத்தாறு என்றது.
அதாவது முப்பத்திரண்டு பிட்.
ஒச்சப்பன் கயிற்றை எடுத்தார்.

ஏனோ கை நிற்கவில்லை.
எல்-எஸ்-சி-பி-யு.
முதல் வரி பழைய பல்லவி.
இரண்டாவதில்
முப்பத்திரண்டு, கமா,
அறுபத்து நான்கு.

முதலில் பேசியது
மேலே ஏற்றிவிட்ட சிஸ்டம்.
இது சிப் பேசுவது.
கைக்குக் கிடைத்த சிடியைப் போட்டுவிட்டு
எவனோ பஸ் பிடித்துப் போயிருக்கிறான்.
பதினோரு வருஷம்
தாலிக்கொடி, தோடு, கிராம், வட்டி
அத்தனையையும்
பாதி அகலத்திலேயே எண்ணியிருக்கிறது.
தானாகச் சொல்லாது.
கேட்டால் மறைக்கவும் மறைக்காது.

சாக்கட்டியால் 64 என்று எழுதி
தராசுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தேன்.

ஒச்சப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"அப்ப முந்துன ஆறையும்
என்னன்னு கேட்ட?"

பத்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது.
முடிச்சு இறுக்கமாகப் போட்டிருந்தார்.
பல்லால்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.