ஐம்பத்திரண்டாம் நாள்

கச்சேரி வாசலில் அது ஐம்பத்திரண்டாம் நாள்.
பங்குனிக் கடைசி வெயில்
தாரை இளக்கி என் சேலைக் கரையில் அப்பியிருந்தது.
குருநகர் யோக்கின்
கார் பெட்டரியில் பூட்டிய றேடியோவைச் சுமந்துவந்து
எங்கள் வரிசைக்கும் பொலிஸ் வரிசைக்கும் நடுவே இறக்கினான்.
"மேலே ஒரு ஆள் போயிட்டான், ரீச்சர்."

ஆரோ செத்துப்போனதைச் சொல்கிறான் என்றே நினைத்தேன்.

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது.
ருசியாக்காரன். வயது இருபத்தேழு.
இன்னும் இறங்கவில்லையாம்.
மரத்துப்போன காலை நான் மாற்றி மடிக்கிற இந்த நிமிடம்
ஒருவன் பூமிக்கு வெளியே இருந்து மூச்சு விடுகிறான்.

எங்களைத் தூக்கி அப்புறப்படுத்த நின்ற பொலிஸ்காரன்
தொப்பியைக் கழற்றிக் காதைக் கொடுத்தான்.
தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால் கேட்டான்:
"சாப்பாடு?"
யோக்கின் வானத்தைப் பார்த்தான்.
"அவனும் எங்களைப்போல உபவாசமோ என்னவோ."

பின்னேரம் கணக்கு வந்தது. நூற்றியெட்டு நிமிடம்.
"அருச்சனைக் கணக்கு!" என்று சவுந்தரநாயகி கன்னத்தில் போட்டாள்.
நான் வேம்படியில் கணக்குப் படிப்பிக்கிறவள்.
சோக்கட்டியால் தார் ரோட்டில் பிரித்துப் பார்த்தேன்.
அவன் வேகத்தில் என்றால் நாங்கள் இதுவரை
அறுநூற்றுத் தொண்ணூறு தரம் உலகைச் சுற்றியிருப்போம்.
சுற்றியது மதிலின் நிழல் மட்டும்.

அப்புக்காத்து ஒருவர் எழும்பிப் பேசினார்:
"அங்கேயிருந்து பார்த்தால் எல்லைகளே தெரியாது!"
எல்லாரும் கை தட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
எல்லை தெரியாத உயரத்தில்
இந்த வாசலும் தெரியாது,
இதை மறித்து இருக்கிற நாங்களும் தெரியமாட்டோம்.

வருசப் பிறப்பன்று
சொந்தமாய்த் தபால் நடத்தினோம், சொந்த முத்திரையோடு.
பசை காயுமுன் நான் ஒரு கடிதம் போட்டேன்:
மேலே போய் வந்தவருக்கு, மொஸ்கோ.
தமிழிலேதான் எழுதினேன்.
ஒரே ஒரு கேள்வி:
உங்கள் கதவைப் பூட்டியது
உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

எங்கள் முத்திரையை எந்தக் கப்பல் ஏற்றும் என்று
அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு பட்டாளம் வந்தது.
றேடியோவின் வால்வுகள் ஒவ்வொன்றாய் வெடித்த சத்தம்
துவக்குச் சத்தத்தை விடச் சின்னது.
அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது.
கடிதப் பை போன இடம் தெரியாது.

இறங்கிய இடத்தில் அவனை முதலில் கண்டது
வயலில் நின்ற ஒரு மனுசியும் சிறுமியுமாம்.
பயந்து பின்னால் போனார்களாம்.
பிறகொரு நாள் பேப்பரில் வாசித்தேன்.

நான் விழுந்து கிடந்தது பழைய பூங்கா மதிலடியில்.
முதலில் கண்டவன் அந்தப் பொலிஸ்காரன்.
குனிந்தான். என் ஒற்றைச் செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு,
மிக மெல்லமாய், "சாப்பாடு?" என்றான்.

ஓம் என்றேனா, இல்லை என்றேனா,
நினைவில்லை.