ஒன்பது

படிவத்தில் முப்பத்தாறு கேள்விகள்.
பிறந்த நேரம், நிறை, எத்தனையாவது வாரம்,
குடல் வெளியே தெரிந்ததா, எதனால் மூடினார்கள்,
கத்தி படும்வரை எத்தனை மணித்தியாலம்.
கடைசிப் பெட்டி முப்பதாம் நாளுக்கு:
உயிருடன் இருந்தால் ஒன்று,
இல்லாவிட்டால் இரண்டு,
தெரியாவிட்டால் ஒன்பது.

நாற்பத்தேழாம் இலக்கம் மூதூர்ப் பிள்ளை.
திருகோணமலை ஆஸ்பத்திரியில்
மாசிப் பனிக்குள், மூன்று இருபதுக்குப் பிறந்தது.
தொப்புளுக்கு வலப்பக்கம் விரல் நுழையும் ஓட்டை;
உள்ளே இருக்க வேண்டியது முழுக்க
வெளியே வந்து வெளிச்சம் பார்த்துக் கிடந்தது.
நான் எழுதியது: ஈரம் உண்டு. நிறம் இளஞ்சிவப்பு.
தாதி கமலாம்பிகை தெளிந்த பையொன்றில்
கால் முதல் கக்கம் வரை இறக்கிக் கட்டினாள்,
கடையில் வளர்ப்பு மீன் வாங்கியவள் போல
ஒரு சொட்டும் சிந்தாமல்.

கண்டிக்குப் போன அம்புலன்ஸ்
கந்தளாய் கழிந்து பதினேழு நிமிடம் நின்றது.
தாமதத்தின் காரணம்: வாகனம், வைத்தியர், கட்டில்.
யானைக்குக் குறியீடு இல்லை.
'மற்றவை' என்று போட்டேன்.

சம்மதப் பத்திரத்தோடு தாயிடம் போனேன்.
பௌமியா. சீசர் வெட்டு காயாத முதல் நாள்.
"இதால எண்ட புள்ளைக்கு ஏதும் நடக்குமா?"
இல்லை என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.
இனி வரும் இன்னொரு பிள்ளைக்கு நடக்கலாம்.
"அப்ப அந்தப் புள்ளைக்கு" என்று
கையெழுத்து வைத்தாள்,
பேனையை மூடித் தந்தாள்.
மறுநாள் கட்டில் வெறுமை.
துண்டு வெட்டிக்கொண்டு, பால் கட்டிய மார்போடு
கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டாளாம்.

முப்பதாம் நாள் அவளுடைய போன் அணைந்திருந்தது.
மூன்று தரம் எடுத்தால் போதும் என்பது விதி.
நான்காம் தரமும் எடுத்தேன்.
பெட்டிக்குள் பென்சிலால் ஒன்பது.

ஞாயிறு, கிண்ணியாப் பாலம் கடந்த பஸ்ஸில்
அந்த ஒன்பதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
பிள்ளை பாயில் கிடந்து
மின்விசிறியோடு வழக்காடிக்கொண்டிருந்தது.
அழிறப்பரால் தேய்த்தேன். ஒன்று.
ஒரு நேர்கோடு; அதை இழுக்க
இவ்வளவு நேரம் எடுக்குமென்று தெரியாது.

அப்போதுதான் அவள் எழும்பினாள்,
சுவரைப் பிடித்து, வயிற்றைப் பிடித்து.
தம்புள்ளையில் பஸ் குலுங்கியபோது தையல் விட்டதாம்.
சீழ் பிடித்து, காய்ச்சலோடு, பதினொரு நாள்
பிள்ளை வார்ட்டு வாசலில் வெறுந்தரையில் படுத்தாளாம்.
போன் விற்ற காசு மருந்துக்கும் சோற்றுக்கும்.
"ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"
"எல்லாரும் புள்ளையத்தான் கேட்டாங்க."

நானும்தான். முப்பத்தாறு தரம்.

ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, எழுதினேன்.
திங்கள் டொக்டர் அநிருத்தன் கண்ணாடியைக் கழற்றி
படிவத்தைச் சரித்துப் பிடித்து வாசித்தார்.
"ஓரத்தைக் கொம்பியூட்டர் எடுக்காது."
கொஞ்சம் பொறுத்து,
"மற்ற நாற்பத்தாறு தாய்மாரும்?"

ஒன்பது, என்றேன்.

வெளியே, ஆஸ்பத்திரி மதிலோரம்
ஒரு புள்ளிமான், யாரோ எறிந்த
மருந்துத் துண்டை மென்றுகொண்டு நின்றது.
பட்டியலை விரித்தேன்.
முதலாம் இலக்கம்.
ரிங் போகிறது.